ஆயாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த 'சேலம் ஜில்லா'... தருமபுரிக்கு முன்னால் இருந்த பாராமகாலின் கதை!

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அப்பா கையில் போனைக் கொடுத்து, "நம்ம நிலத்துப் பட்டா யார் பேர்ல இருக்குனு பார்த்துச் சொல்லு" என்றார். பயிர்க் கடனுக்கு விண்ணப்பிக்கப் போன இடத்தில் பட்டா நகல் கேட்டிருக்கிறார்கள். 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தைத் திறந்து, மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் என்று வரிசையாகத் தட்டினேன். அரை நிமிடத்தில் வந்துவிட்டது. பெயரைப் பார்த்ததும் அப்பா சிரித்தார். கொள்ளுத்தாத்தா பெயர்! அவர் இறந்தே நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. தாத்தா பெயருக்கும் மாறவில்லை, அப்பா பெயருக்கும் மாறவில்லை.

பெயர் மாற்ற வேண்டுமென்றால் மூலப் பத்திரம் வேண்டும். பெட்டிச் சாவி ஆயாவிடம் இருந்தது. எண்பதைத் தாண்டிய ஆயா, புடவைக்கு அடியிலிருந்து மஞ்சள் பையை எடுத்து, அதற்குள்ளிருந்து துணியில் சுற்றிய ஒரு பத்திரத்தைப் பிரித்தார். 1957-ம் வருடத்துக் கிரயப் பத்திரம். மடிப்புகளில் கிழிந்திருந்தது. முதல் வரியிலேயே நான் நின்றுவிட்டேன்.

"சேலம் ஜில்லா, தருமபுரி தாலுகா..."

"ஏன் ஆயா, நாம சேலம் மாவட்டமா?"

"நான் வாக்கப்பட்டு வந்தப்ப சேலம் ஜில்லாதான் கண்ணு. அப்புறம்தான் தருமபுரின்னு தனியாப் பிரிச்சாங்க. எங்க மாமனாரு இன்னொரு பேரு சொல்வாரு... பாராமாலு. அது அவுங்க பெரியவங்க சொன்ன பேராம்."

பாராமாலு! ஆயா சொன்ன அந்தப் பெயர் பாராமகால். ஒரு காலத்தில் ஆவணங்களில், வரைபடங்களில், போர் உடன்படிக்கைகளில் இடம்பெற்ற பெயர். இன்று எந்த மாவட்டப் பட்டியலிலும் கிடையாது. ஆனால், நம் எல்லோர் வீட்டிலும் இருக்கும் பட்டாவுக்கும் அந்தப் பெயருக்கும் நேரடியான உறவு உண்டு. அதைத் தேடிப் படித்தபோது தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

பன்னிரண்டு கோட்டையா, பன்னிரண்டு வரிப் பிரிவா?

'பாரா' என்றால் இந்துஸ்தானியில் பன்னிரண்டு. 'மகால்' என்றால் மாளிகை என்றுதான் நமக்கெல்லாம் தெரியும். அதனால், பன்னிரண்டு கோட்டைகள் இருந்த நாடு பாராமகால் என்று ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. விஜயநகர ஆட்சியின் பிற்காலத்தில் பெனுகொண்டாவைக் காப்பாற்றிய ஜெகதேவராயருக்கு இந்தப் பகுதி பரிசாகக் கிடைத்தது. அவர் பன்னிரண்டு மகன்களுக்குப் பன்னிரண்டு கோட்டைகள் கட்டிக்கொடுத்தார் என்று ஒரு கதையும் உண்டு. கிருஷ்ணகிரி பக்கம் இருக்கும் ஜெகதேவி என்ற ஊர்ப் பெயரைக் கேட்கும்போது அந்தக் கதை ஞாபகத்துக்கு வரும்.

இன்னொரு விளக்கமும் இருக்கிறது. முகலாயர் கால வருவாய்க் கணக்கில் 'மகால்' என்பது வரி வசூலிக்கும் ஒரு பிரிவின் பெயர். அப்படிப் பார்த்தால், பாராமகால் என்பது பன்னிரண்டு வரிப் பிரிவுகள் சேர்ந்த பகுதி. கோட்டைக் கதை சொல்ல சுவாரஸ்யமானது. வரிக் கதை கணக்குக்குப் பொருந்துகிறது. எந்தெந்தப் பன்னிரண்டு என்று கேட்டால், ஆளுக்கொரு பட்டியல் தருகிறார்கள்!

இன்றைய வரைபடத்தில் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் மாவட்டங்களின் பகுதிகள் இதில் அடங்கும். பழைய ஆட்சியாளர்கள் இந்த வட்டாரத்தை மூன்று படிகளாகப் பார்த்தார்கள். தொப்பூர் கணவாய்க்குக் கீழே சேலம் பக்கம் 'தாலாகாட்', நடுவில் 'பாராமகால்', ஓசூர் பக்கம் மேலே ஏறினால் 'பாலாகாட்'. சேலத்திலிருந்து ஓசூருக்குப் பேருந்தில் போகிறவர்கள் இந்த மூன்று படிகளையும் இன்றும் உணரலாம். தொப்பூரில் ஒரு ஏற்றம், கிருஷ்ணகிரி தாண்டி இன்னொரு ஏற்றம். ஓசூர் வந்தால் காற்றே மாறிவிடும்.

அதற்கும் முன்னால்?

பாராமகால்தான் இந்த மண்ணின் முதல் பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். சங்க காலத்தில் இது தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதே அதியமான்தான். தருமபுரிக்குப் பக்கத்தில் அதியமான்கோட்டை என்ற ஊர் அவர் பெயரை இன்றும் சுமக்கிறது. திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981-ல் கண்டுபிடிக்கப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, 'சதியபுதோ' என்ற பட்டத்தோடு அதியன் நெடுமான் அஞ்சியின் பெயரைச் சொல்கிறது. அசோகரின் கல்வெட்டில் வரும் 'சதியபுத்திரர்' யார் என்று பல காலமாக நடந்த விவாதத்துக்கு அந்த ஒரு வரிக் கல்வெட்டு விடை தந்தது.

பிறகு பல்லவர், கங்கர், நுளம்பர், சோழர் என்று பல கைகள் மாறின. இந்த வட்டார நடுகற்களில் 'புறமலை நாடு' என்ற பெயர் வருகிறது. மாடு பிடிக்க வந்தவர்களோடும், மாடு மீட்கப் போனவர்களோடும் சண்டையிட்டு இறந்த வீரர்களுக்கு நட்ட கற்கள் அவை. தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் அவற்றை நேரில் பார்க்கலாம். மாவட்ட எல்லை, வட்ட எல்லை எல்லாம் வருவதற்கு முன்பு, எல்லையைக் காட்ட இங்கே கல் இருந்தது. அந்தக் கல்லுக்குக் கீழே ஓர் ஆள் இருந்தான்.

பீரங்கிக்கு மசியாத கோட்டை

பதினெட்டாம் நூற்றாண்டில் பாராமகால் மைசூர் ஆட்சிக்குக் கீழே இருந்தது. மேலே மைசூர், கீழே ஆங்கிலேயரின் சென்னை. நடுவில் இருந்த பாராமகால்தான் இரண்டுக்கும் வாசற்படி. ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் கர்நாடகச் சமவெளிக்கு இறங்க வேண்டுமென்றாலும் இந்தக் கணவாய்கள் வழிதான். கம்பெனிப் படை மேலே ஏற வேண்டுமென்றாலும் இந்த வழிதான். அதனால் நடந்த சண்டைகளில் எல்லாம் மிதிபட்டது இங்கிருந்த வயல்களும் ஊர்களும்.

மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791-ல் கர்னல் மேக்ஸ்வெல் தலைமையிலான படை பென்னாகரத்தைப் பிடித்தது. அடுத்து கிருஷ்ணகிரிக்குப் போனது. கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாறையே சுவராக நிற்கும். மேலே இருந்தவர்கள் பெரிய பெரிய கற்களை உருட்டிவிட்டார்கள். ஏறி வந்த படை தோற்றுத் திரும்பியது.

அடுத்த வருடமே கதை மாறிவிட்டது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை கையெழுத்தானது. திப்பு தன் நாட்டில் பாதியையும், 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் தர வேண்டும். அதுவரை அவருடைய இரண்டு மகன்கள் பிணையாக இருக்க வேண்டும். அப்படிக் கைமாறிய பகுதிகளில் சேலமும் பாராமகாலும் இருந்தன. சண்டை போட்டுப் பிடிக்க முடியாத கிருஷ்ணகிரி, காகிதத்தில் கைக்கு வந்தது.

கலெக்டர் வேலைக்கு வந்த ராணுவக்காரர்கள்

புதிதாகக் கிடைத்த மாவட்டத்தை யார் நிர்வாகம் செய்வது? கம்பெனியின் சிவில் அதிகாரிகளில் உள்ளூர் மொழியும் மக்களும் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ், ராணுவத்திலிருந்த கேப்டன் அலெக்சாண்டர் ரீடைக் கலெக்டராக அனுப்பினார். அவருக்கு உதவியாக மூன்று பேர். மூவரும் ராணுவக்காரர்கள்தான். வடக்குப் பகுதி கிரஹாமுக்கு, தெற்குப் பகுதி மெக்லியோடுக்கு, நடுப்பகுதி தாமஸ் மன்றோவுக்கு.

மன்றோ 1761-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர். 1780-ல் சென்னைக்கு வந்து ஹைதர் அலிக்கு எதிரான போரில் இருந்தவர். 1792 முதல் 1799 வரை அவர் பாராமகாலில் வேலை பார்த்தார். தருமபுரியில் வீடு. அதைச் சுற்றித் தோட்டம். இங்கிருந்து கிளம்பும்போது, அந்தத் தோட்டத்தைப் பிரிய மனமில்லாமல் போனவர் என்று அவர் எழுதிய கடிதங்களிலிருந்து தெரிகிறது. வருடத்தின் பெரும்பகுதி கூடாரத்தில் தங்கி, ஊர் ஊராகச் சுற்றி, விவசாயிகளோடு நேரில் பேசி வரி நிர்ணயிப்பது அவர் வேலை.

சென்னையில் தீவுத்திடல் பக்கம், சேணம் இல்லாத குதிரையில் ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, பார்த்திருப்பீர்கள். அவர்தான் இந்த மன்றோ. தருமபுரியில் கணக்குப் பார்த்த உதவி கலெக்டர், 1820-ல் சென்னை மாகாண கவர்னர் ஆனார். 1827-ல் காலராவில் இறந்தார். 1839-ல் அந்தச் சிலை வைக்கப்பட்டது.

பட்டாவுக்கு நாற்றங்கால்

ரீடும் அவருடைய உதவியாளர்களும் இங்கே செய்த வேலைதான் முக்கியமானது. அதுவரை வரி என்பது பெரும்பாலும் ஊருக்கு மொத்தமாகவோ, குத்தகைக்காரர் மூலமாகவோ வசூலிக்கப்பட்டது. நடுவில் இருப்பவர்கள் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்று உழுகிறவருக்கும் தெரியாது, அரசுக்கும் தெரியாது.

ரீட், நிலங்களை ஒவ்வொன்றாக அளக்கச் சொன்னார். எந்த வயல், எவ்வளவு பரப்பு, என்ன மண், யார் உழுகிறார், எவ்வளவு தீர்வை என்று பதிவு செய்யச் சொன்னார். 1796-ல் வெளியிட்ட அறிவிப்பின் மூலம், விவசாயியோடு அரசு நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் முறைக்கு அடித்தளம் போட்டார். இதுதான் ரயத்துவாரி முறை. 'ரயத்து' என்றால் விவசாயி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முறை வெள்ளைக்காரர்கள் வகுத்தது. சொற்கள் எல்லாம் அவர்களுக்கு முன்பே புழங்கியவை. பட்டா, சிட்டா, பசலி, ஜமாபந்தி, தாசில்தார், பிர்கா... இன்றும் தாலுகா அலுவலகத்தில் நாம் சொல்கிறோம். ஜூலை 1-ல் தொடங்கும் வருவாய்த்துறையின் 'பசலி ஆண்டு' இன்னும் நடக்கிறது. 2024 ஜூலையில் தொடங்கியது 1434-ம் பசலி. தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும்போது மனுவோடு வரிசையில் நிற்கிறோமே, அந்த வரிசையின் பின்கோடி பாராமகாலில் இருக்கிறது.

அதற்காக ரீடும் மன்றோவும் விவசாயிகளைக் காப்பாற்ற வந்த மகான்கள் என்று சொல்லிவிட முடியாது. வரியை ஒழுங்காக, கசிவு இல்லாமல் வசூலிப்பதுதான் கம்பெனியின் நோக்கம். தீர்வை அதிகம் என்பதை மன்றோவே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். 1807-ல், தான் கலெக்டராக இருந்த இன்றைய ராயலசீமைப் பகுதிக்கு, தீர்வையைக் கால் பங்கு குறைக்க வேண்டும் என்று பரிந்துரை செய்தார்.

ஏலத்துக்குப் போன ஊர்கள்

1799-ல் திப்பு வீழ்ந்தார். ரீடும் மன்றோவும் வேறு இடங்களுக்குப் போனார்கள். அவர்கள் போன கையோடு, வங்காளத்தில் இருந்த ஜமீன்தாரி முறை இங்கேயும் கொண்டுவரப்பட்டது. 1802-லிருந்து சில வருடங்களில், சேலமும் பாராமகாலும் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு ஏலம் விடப்பட்டன. அந்தத் துண்டுகளுக்கு 'மிட்டா' என்று பெயர்; எடுத்தவர் மிட்டாதார். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சில குடும்பங்களை 'மிட்டாதார் வீடு' என்று சொல்வதன் காரணம் இதுதான்.

ஏலம் எடுத்த பலரால் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய தொகையைக் கட்ட முடியவில்லை. மிட்டாக்கள் ஒவ்வொன்றாக அரசிடமே திரும்பின. மன்றோ கவர்னராக வந்த பிறகு ரயத்துவாரி முறை மாகாணம் முழுக்கப் பரவியது. மிச்சமிருந்த ஜமீன்களும் மிட்டாக்களும் சுதந்திரத்துக்குப் பிறகு, 1948-ல் வந்த சட்டத்தால் ஒழிந்தன. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'ரயத்துவாரியாக மாற்றுதல்' என்ற சொல் இருக்கிறது!

கணக்கு இருந்தது, கஞ்சி இல்லை

வயலுக்கு வயல் கணக்கு இருந்தால் போதுமா? 1876-78 பஞ்சம் அதற்குப் பதில் சொன்னது. நம் ஊர்களில் அதை 'தாது வருஷப் பஞ்சம்' என்பார்கள். மழையை நம்பிய மேட்டு நிலங்கள் அதிகம் உள்ள சேலம் மாவட்டம் அடிபட்டது. அப்போது பாராமகாலும் சேலத்துக்குள்தான் இருந்தது. 1871 மக்கள்தொகைக் கணக்கில் மாவட்டத்தில் சுமார் 19.67 லட்சம் பேர். 1881-ல் சுமார் 16 லட்சம். பத்து வருடங்களில் ஏறக்குறைய மூன்றே முக்கால் லட்சம் பேர் குறைந்திருந்தார்கள். செத்தவர்கள் எத்தனை, ஊரைவிட்டுப் போனவர்கள் எத்தனை என்று அந்த எண்ணிக்கை பிரித்துச் சொல்வதில்லை.

கொள்ளுத்தாத்தா, நிலம் என்றால் உயிரை விடுவார் என்று ஆயா அடிக்கடி சொல்வார். பஞ்சம் பார்த்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நிலம் என்பது சொத்து மட்டும் அல்ல என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

கல்யாணப் பத்திரிகைகள் சொல்லும் வரலாறு

பத்திரம் இருந்த அதே பெட்டியில் ஒரு கட்டு கல்யாணப் பத்திரிகைகளும் இருந்தன. விலாசங்களை மட்டும் படித்துப் பார்த்தேன்.

எங்கள் ஊர்: முதலில் சேலம் ஜில்லா. பிறகு தருமபுரி மாவட்டம். பக்தவத்சலம் முதல்வராக இருந்தபோது, 1965 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமானது. கிருஷ்ணகிரியும் ஓசூரும் அரூரும் அப்போது தருமபுரியோடு வந்தன.

அத்தை வாக்கப்பட்ட காவேரிப்பட்டினம்: தருமபுரி மாவட்டம் என்று இருந்தது, 2004-க்குப் பிறகு கிருஷ்ணகிரி மாவட்டம். 2004 பிப்ரவரி 9-ல் தமிழகத்தின் 30-வது மாவட்டமாகக் கிருஷ்ணகிரி பிரிந்தது.

அம்மாவின் தாய்மாமன் வீடு இருக்கும் திருப்பத்தூர்: பழைய பத்திரிகையில் வட ஆற்காடு மாவட்டம், அடுத்ததில் வேலூர் மாவட்டம், கடைசியாக வந்ததில் திருப்பத்தூர் மாவட்டம். 1911-ல் சேலத்திலிருந்து வட ஆற்காட்டுக்குப் போன ஊர், 2019 நவம்பர் 28-ல் தானே மாவட்டத் தலைநகரானது.

மூன்று வீடு, மூன்று மாவட்டம். கல்யாணம் காட்சி என்றால் ஒரே பந்தலில் உட்காரும் இந்த மூன்று வீட்டுக்காரர்களும் ஒரு காலத்தில் ஒரே பாராமகாலின் ஆட்கள்!

மாவட்டம் பிரிப்பதில் நன்மை இருக்கிறது. அந்தக் காலத்தில் கலெக்டரைப் பார்க்க எங்கள் ஊர்க்காரர்கள் தொப்பூர் இறங்கிச் சேலம் போக வேண்டும். இன்று 7 வட்டங்கள் கொண்ட தருமபுரி மாவட்டத்தில், 2011 கணக்குப்படி 15,06,843 பேர் இருக்கிறார்கள். கிருஷ்ணகிரியில் 18,79,809 பேர். இத்தனை பேரையும் ஒரே அலுவலகம் கவனிக்க முடியாது. ஆனால், ஒவ்வொரு முறை கோடு மாறும்போதும் கோப்புகளும் இடம் மாறுகின்றன. எங்கள் பத்திரத்தைப் போல, காகிதத்தில் ஒரு மாவட்டமும் கம்ப்யூட்டரில் ஒரு மாவட்டமுமாக எத்தனையோ வீட்டுப் பெட்டிகள் இருக்கும்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பது இல்லை. ஜெர்மனியின் பெர்லின் நகரத்தில் 2001-ல் 23 மாவட்டங்களை இணைத்துப் பன்னிரண்டாக ஆக்கினார்கள். க்ராய்ஸ்பெர்க் என்ற பழைய மாவட்டத்தின் பெயர் தனி மாவட்டமாக இப்போது இல்லை. ஆனால், அங்கே இருப்பவர்கள் ஊர் பெயரைக் கேட்டால் க்ராய்ஸ்பெர்க் என்றுதான் சொல்கிறார்கள், எங்கள் ஆயா 'சேலம் ஜில்லா' என்பதைப் போல.

உங்கள் வீட்டுப் பெட்டியையும் திறந்து பாருங்கள்!

நிலம் இருக்கும் வீடுகளுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்:

* பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே ஆன்லைனில் பாருங்கள். கடனோ, நிலம் கையகப்படுத்தலோ வரும்போதுதான் பலருக்கும் பழைய பெயர் இருப்பது தெரியவருகிறது.

* பழைய பத்திரத்தில் மாவட்டம், தாலுகா பெயர் மாறியிருந்தால் பயப்பட வேண்டாம். கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும்தான் முக்கியம்.

* 1980-களில் நடந்த யு.டி.ஆர் எனப்படும் நிலப் பதிவு மேம்பாட்டின்போது பல இடங்களில் எண்களும் உட்பிரிவுகளும் மாறியிருக்கின்றன. பழைய எண்ணுக்கு இணையான புதிய எண்ணை வி.ஏ.ஓ-விடமோ தாலுகா அலுவலகத்திலோ உறுதிசெய்துகொள்ளுங்கள்.

* வாரிசு அடிப்படையில் பெயர் மாற்ற, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே விவரங்களைக் கேட்டு எழுதிவையுங்கள்.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முதல் நாள், அப்பாவோடு இ-சேவை மையத்துக்குப் போனேன். விண்ணப்பத்தில் மாவட்டம் என்ற கட்டத்தைத் தட்டியதும் பட்டியல் விரிந்தது. தருமபுரியைத் தேர்வு செய்தேன். 1957-ல் சேலமாகவும், அதற்கும் முன்னால் பாராமகாலாகவும், அதற்கும் முன்னால் தகடூராகவும் இருந்த அதே மண். விண்ணப்ப எண் அப்பாவின் போனுக்குக் குறுஞ்செய்தியாக வந்தது. இனி காத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து ஆயாவிடம் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதைப் பழையபடி துணியில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"மறுபடியும் ஜில்லாவப் பிரிக்கப் போறாங்களா கண்ணு?"

"தெரியலை ஆயா. பிரிச்சாலும் பிரிப்பாங்க."

"பேர என்ன வேணும்னாலும் மாத்திக்கட்டும். வேலியோரம் நட்ட அளவுக்கல்லு நட்ட எடத்துலேயே இருக்கானு உங்கப்பனப் பாக்கச் சொல்லு."

அன்று சாயங்காலமே அப்பாவும் நானும் போய்ப் பார்த்தோம். எருக்கஞ்செடி மூடியிருந்தது. விலக்கிப் பார்த்தால், கல் இருந்தது.